உழவாரப் பணியும் இளையவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரிக்கரைச் சிற்றூர்க் கோயில்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளோடு உழவாரப் பணி செய்கிற குழு எங்களுடையது. காலையில் வேலை, அது முடிந்ததும் தேவாரம், அப்புறம் கல்வெட்டு. மூன்றும் சேர்ந்தால்தான் எங்கள் கணக்கில் அது பணி. பெற்றோர், பிள்ளைகள், தங்கள் ஊரில் குழு தொடங்க நினைப்பவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறோம். சைவத்தில் இப்படி வினாவும் விடையுமாகச் சொல்லிக்கொடுப்பது புதிதல்ல. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சைவ வினாவிடை எழுதி நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது.

உழவாரப் பணி என்றால் கோயிலைச் சுத்தம் செய்வதுதானே?

ஆமாம், அதேதான். பிரகாரத்தில் களை எடுப்பது, குப்பை வாருவது, ஒட்டடை அடிப்பது, எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டுவது, நந்தவனத்தில் பாத்தி கட்டுவது. உழவாரம் என்பது புல் செதுக்குகிற ஒரு கைக்கருவி. சிவன் கோயிலில் நால்வர் (அப்பர், சம்பந்தர், சுந்தரர், மாணிக்கவாசகர்) நிற்கும் இடத்தில் பாருங்கள். அதைத் தோளில் சாய்த்துக்கொண்டிருப்பவர் அப்பர்.

அவர் 7ஆம் நூற்றாண்டுக்காரர். பண்ருட்டிப் பக்கம் திருவாமூரில் பிறந்தவர். சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்ற பெயரோடு உயர்ந்த நிலையில் இருந்தவர், சூலை நோய் என்கிற கொடிய வயிற்று வலி தாங்க முடியாமல் அக்காவைத் தேடித் திருவதிகைக்கு வந்தார் என்கிறது பெரியபுராணம். அந்த அக்கா, திலகவதியார், அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? விடியுமுன் எழுந்து கோயிலைப் பெருக்கி, மெழுகி, பூக்கொய்து மாலை கட்டிக்கொண்டிருந்தார். தம்பி முதல் பதிகம் பாடுவதற்கு வெகு காலம் முன்பே அக்கா துடைப்பத்தை எடுத்துவிட்டார். நால்வர் வரிசையைக் கும்பிடும்போது அவரையும் சேர்த்து நினைத்துக்கொள்ளும்படி பிள்ளைகளிடம் சொல்வோம்.

பிறகு அப்பர் திருவாரூரில் பாடிய ‘நிலைபெறுமாறு எண்ணுதியேல்’ பாட்டு அப்படியே ஒரு நாள் வேலைப் பட்டியல்: தினமும் கோயிலுக்குப் போ, பொழுது புலரும் முன் பெருக்கு, மெழுகு, பூமாலை கட்டு, புகழ்ந்து பாடு, தலையாரக் கும்பிடு, கூத்தும் ஆடு. பெருக்குவதும் பாடுவதும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து வருகின்றன. எங்கள் ஞாயிற்றுக்கிழமையை இந்தப் பாட்டை வைத்துத்தான் அமைத்தோம். கூத்து மட்டும் இன்னும் கைகூடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகும்?

காலை ஆறு மணிக்கு ராஜகோபுர வாசலில் கூடுவோம். யார் எந்தப் பக்கம் என்று பிரித்துக்கொள்வோம். மண்வெட்டி, கடப்பாரை எல்லாம் பெரியவர்கள் கையில். களைக்கொத்தி, துடைப்பம், பாண்டுச் சட்டி பிள்ளைகளுக்கு. எட்டரை வரை வேலை. கை கால் கழுவி, கொண்டுவந்த இட்லியையோ கோயிலில் கொடுத்த பொங்கலையோ சாப்பிட்டுவிட்டு மண்டபத்தில் உட்கார்ந்தால், கோயிலில் தேவாரம் பாடுகிற ஓதுவார் ஐயா ஒரு பதிகம் சொல்லிக்கொடுப்பார். அதன் பிறகு அந்தக் கோயிலின் ஏதாவது ஒரு சுவரைப் பார்த்து உட்காருவோம். பதினொரு மணிக்கு எல்லாரும் வீட்டுக்கு. வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம் முடித்துவிடுவோம்.

எந்த வயதிலிருந்து வரலாம்?

ஆறாம் வகுப்பிலிருந்து. அதற்கும் சின்னவர்கள் அப்பா அம்மாவோடு வரலாம்.

என் மகனுக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவாக இல்லை. அவனை அனுப்பலாமா?

அவனுக்கு வர விருப்பம் இருந்தால் அனுப்புங்கள். நீங்கள் பிடித்துத் தள்ளித்தான் அவன் வர வேண்டும் என்றால் வேண்டாம்.

நம்பிக்கை இருக்கிறதா என்று வாசலில் யாரையும் சோதிப்பதில்லை. கல்வெட்டுக்காக மட்டும் வருகிற கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாட்டு நேரத்தில் ஓரமாக உட்கார்ந்து கேட்பார்கள். விபூதி பூசச் சொல்லி யாரையும் வற்புறுத்துவதில்லை. அப்பரே ஒரு சமயத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்பி வந்தவர், நடுவில் எத்தனை கேள்வி கேட்டிருப்பார்! கேள்வி கேட்கிற பிள்ளையைக் கண்டு பதற வேண்டியதில்லை. அதே சமயம், இது வெறும் தூய்மைத் திட்டம் என்றும் நாங்கள் வேஷம் போடமாட்டோம். இங்கே பதிகம் பாடுவோம், தீபாராதனைக்கு எழுந்து நிற்போம். அது முன்கூட்டியே தெரிந்து வரட்டும்.

எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வரலாமா? பெண்பிள்ளைகள்?

வரலாம். இதில் எங்களுக்கு விதிவிலக்கே கிடையாது. ஏதாவது ஒரு ஊரில் “இந்தத் தெருப் பிள்ளைகள் வேண்டாமே” என்று யாராவது காதோடு சொன்னால் அந்த ஊர்ப் பணியையே எடுக்கமாட்டோம். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் 1947லேயே முழுமையாக வந்துவிட்டது. அதற்குப் பதின்மூன்று நூற்றாண்டு முன்னால் அப்பர், “சாத்திரம் பல பேசும் சழக்கர்காள், கோத்திரமும் குலமும் கொண்டு என் செய்வீர்” என்று கேட்டுவிட்டார். திங்களூர் அப்பூதியடிகள் அந்தணர். வேளாளரான அப்பரை நேரில் பார்க்கும் முன்பே குருவாக வரித்துக்கொண்டவர். இதையெல்லாம் மேடையில் பாடிவிட்டுத் துடைப்பத்தைக் கொடுக்கும்போது மட்டும் தெரு பார்த்தால் பாடியதற்கு என்ன பொருள்?

பெண்பிள்ளைகள்தான் பல வாரங்களில் எண்ணிக்கையில் அதிகம். மாதவிலக்கு நாட்களில் வருவதும் வராததும் அவர்கள் விருப்பம். ஏன் வரவில்லை என்று எவரும் கேட்கக் கூடாது என்பது குழு விதி. பெண்பிள்ளைகள் வரும் நாளில் பெரிய பெண்கள் குறைந்தது இருவராவது கூட இருப்பார்கள். கழிப்பறை இல்லாத கோயிலாக இருந்தால் முதல் நாளே பக்கத்து வீடு ஒன்றில் பேசி வைத்துவிடுவோம்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

பெரும்பாலான கோயில்கள் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் வருகின்றன. தமிழ்நாட்டில் 40,000க்கும் மேற்பட்ட கோயில்கள் அப்படி உண்டு. ஈ.ஓ. என்று எல்லாரும் சொல்கிற செயல் அலுவலரிடம் கடிதம் கொடுங்கள். எத்தனை பேர், எந்தத் தேதி, என்ன வேலை என்று எழுதுங்கள். சிறு கோயிலானால் ஒரே ஈ.ஓ. பல கோயில்களைப் பார்ப்பார், அவரைப் பிடிப்பதே ஒரு வேலை. குருக்களிடமும் மெய்க்காவலரிடமும் தனியாகப் போய்ச் சொல்லிவிடுங்கள். கடிதம் கையில் இருந்தாலும் சாவி அவர்களிடம்தான் இருக்கும்.

தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் போன்றவை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. அங்கே அவர்கள் அனுமதி இல்லாமல் ஒரு புல்லைக்கூடப் பிடுங்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குச் சேதம் விளைவித்தால் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். நல்ல எண்ணத்தில் செய்தேன் என்பது அங்கே எடுபடாது.

என்னென்ன செய்யக் கூடாது?

இந்தக் கேள்வியை முதலில் கேட்கிற குழு உருப்படும். ஆர்வத்தோடு வருகிற இருபது பேர் ஒரே காலையில் ஆயிரம் ஆண்டுக் கல்லைப் பாழாக்கிவிட முடியும்.

கல்லில் ஆசிட் படக் கூடாது. கம்பி பிரஷ் கூடாது. மணலைப் பீய்ச்சி அடித்துக் கல்லைப் ‘புதுசாக்கும்’ முறை சிற்பத்தின் கண் மூக்கையும் கல்வெட்டின் எழுத்தையும் சேர்த்தே உரித்துவிடும். அது தடை செய்யப்பட்ட முறை, இருந்தும் ஆங்காங்கே காண்ட்ராக்டர்கள் கைவரிசை காட்டுகிறார்கள். சுதைச் சிற்பத்தில் வேகமாகத் தண்ணீர் அடிக்கக் கூடாது. எந்தச் சுவருக்கும் பெயிண்ட் அடிக்கும் வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள், யார் பணம் கொடுத்தாலும் சரி. பழைய சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் ஓவியம் இருக்கலாம். செப்புத் திருமேனிகள் பக்கமே போகக் கூடாது, அது குருக்களின் பொறுப்பு.

கோபுரத்தில் முளைத்திருக்கும் அரசும் ஆலும் பிள்ளைகள் கண்ணுக்கு உடனே படும். பறவை எச்சத்தில் வந்த விதை, செங்கல் இடுக்கில் வேர்விட்டிருக்கும். விரல் பருமனில் இருந்தால்கூடப் பிடுங்காதீர்கள். வேர் உள்ளே போன ஆழம் நமக்குத் தெரியாது, இழுத்தால் செங்கலும் சுதையும் சேர்ந்து வரும். அதை வெட்டி, வேரை மருந்து வைத்து அழிப்பதற்குப் பழகிய ஆட்கள் இருக்கிறார்கள். நாம் செய்ய வேண்டியது படம் எடுத்து ஈ.ஓ.விடம் கொடுப்பது, அடுத்த மாதமும் கொடுப்பது.

தரையில் இருப்பது நம் வேலை. கோரை, நாயுருவி, நெருஞ்சி எல்லாவற்றையும் மழை பெய்த மறுநாள் எடுத்தால் வேரோடு வரும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் எடுக்க வேண்டும்; கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொட்டால் சிலருக்குத் தோல் தடித்துவிடும், மூச்சு இழுக்கும். நவக்கிரகத்தைச் சுற்றித் தரையில் படிந்த எள்ளெண்ணெய்ப் பிசுக்குக்கு மூங்கில் சிம்பால் சுரண்டி, சீயக்காய்த் தூள் தூவி, வெந்நீர் விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தால் போதும். மெதுவாகத்தான் போகும், போகட்டும். எழுத்தோ சிற்பமோ இருக்கிற கல் என்றால் இதையும் செய்யாதீர்கள்.

சண்டிகேசுவரர் சன்னதியில் வேறு மாதிரி வேலை. சட்டை நூலை உருவிப் போட வேண்டும் என்று யாரோ சொல்ல, ஊரே நூல் போட்டு அவர் கழுத்தெல்லாம் சிக்காகக் கிடக்கும். குருக்களைக் கேட்டுக்கொண்டு அதைப் பொறுக்கி எடுக்கிற பிள்ளைகளிடம், சோழர் காலத்தில் கோயில் நிலத்தை வாங்கவும் விற்கவும் இவர் பெயரில்தான் ஆவணம் எழுதினார்கள் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையோடு எடுப்பார்கள்.

தேவாரம் பாடக் குரல் வளம் வேண்டுமா?

வேண்டாம். பத்துப் பேர் சேர்ந்து பாடினால் யார் குரல் எது என்று தெரியாது.

கூச்சம்தான் தடை, முக்கியமாகக் குரல் உடைகிற வயதுப் பையன்களுக்கு. அவர்களைத் தனியாக எழுப்பிப் பாடச் சொல்லவே கூடாது. முதலில் ‘மாசில் வீணையும் மாலை மதியமும்’ எடுப்போம். நாலே அடி, சொற்கள் எல்லாம் புரியும், வெயிலில் களை எடுத்துவிட்டு மண்டப நிழலில் உட்கார்ந்து ‘வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்’ என்று பாடும்போது உரை சொல்லவே தேவையிருக்காது. அடுத்து ‘கூற்றாயினவாறு’. சூலை நோயோடு திருவதிகையில் விழுந்து கிடந்தவர் பாடிய முதல் பதிகம், கொல்லிப் பண் (பண் என்றால் தேவாரத்தின் ராகம்). வயிற்று வலியில் ஒருவர் கடவுளிடம் சண்டை போடுகிறார் என்று சொன்னால் பத்தாம் வகுப்புக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பண் எல்லாம் பெரிய வித்தை என்று பயப்பட வேண்டாம். கர்நாடக சங்கீதம் படிக்கிற பிள்ளைகளுக்கு நட்டபாடை கேட்டால் நாட்டை, பழம்பஞ்சுரம் கேட்டால் சங்கராபரணம், மேகராகக் குறிஞ்சி கேட்டால் நீலாம்பரி என்று சட்டென்று பிடிபடும். மற்றவர்கள் காதால் கேட்டே கற்றுக்கொள்வார்கள். இயன்றவரை ஓதுவார் ஒருவரிடமே கற்கச் செய்யுங்கள். யூடியூபில் எல்லாம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் ‘இந்தச் சொல்லை ஏன் இங்கே பிரிக்கிறோம்’ என்று யூடியூபைக் கேட்க முடியாது. ஓதுவாருக்குச் சும்மா பொன்னாடை போர்த்தி அனுப்பாமல் தட்சிணை கொடுங்கள். ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய, அதாவது தேவாரம் பாட, 48 பேரையும், வாத்தியத்துக்கு இரண்டு பேரையும் அமர்த்தி, ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் என்று கல்லிலேயே வெட்டி வைத்தான். பாடுகிறவர் வயிறும் கோயில் கணக்கில் வந்தாக வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

கல்வெட்டு படிக்கப் பள்ளிப் பிள்ளைகளால் முடியுமா?

முடியும், பெரியவர்களைவிட வேகமாக. எழுத்து வடிவத்தைப் படம் போலப் பார்த்து மனத்தில் வாங்கிக்கொள்ளும் வயது அது.

முதலில் சொல்ல வேண்டிய சில சங்கதிகள் உண்டு. சோழர் காலக் கல்லில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகர ஏகாரத்துக்கு வேறுபாடு கிடையாது. ரகரமும் கால் வாங்குவதும் ஒன்று போலத் தோன்றும். இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் பாதித் திகைப்பு போய்விடும். தொடக்கத்தில் கிரந்த எழுத்தில் ‘ஸ்வஸ்திஸ்ரீ’ இருக்கும். அதைக் கண்டுபிடித்தால் வரியின் தலை கிடைத்துவிட்டது. அடுத்து அரசன் பெயர், ‘யாண்டு’ என்ற சொல், பக்கத்தில் ஓர் எண். அது அவன் ஆட்சிக்கு வந்து எத்தனையாவது ஆண்டு என்பது. ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985இல். அவனுடைய யாண்டு இருபது என்றால் பிள்ளைகளே கூட்டிச் சொல்லிவிடுவார்கள்.

வெளிச்சம்தான் ரகசியம். நேரே டார்ச் அடித்தால் கல் வெளுத்துப்போய் ஒன்றுமே தெரியாது. கைபேசி விளக்கைச் சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் பிடித்தால் எழுத்துப் பள்ளத்தில் நிழல் விழுந்து வரி எழுந்து நிற்கும். சாக்பீஸ், மாவு, எண்ணெய், விபூதி எதையும் பூசக் கூடாது. மை தடவிப் படியெடுப்பது துறை அனுமதியோடு தெரிந்தவர்கள் செய்கிற வேலை.

ஒரு முறை சிறிய கோயில் ஒன்றின் வடக்குச் சுவரில், அபிஷேக நீர் வெளியே விழும் கோமுகிக்குப் பக்கத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ‘௯௰௬’ என்ற குறிகளைக் கண்டுபிடித்தாள். பழைய தமிழ் எண்களை அதற்கு முந்தைய வாரம்தான் எழுதிப் பார்த்திருந்தாள். ஒன்பது, பத்து, ஆறு, தொண்ணூற்றாறு. எதில் தொண்ணூற்றாறு என்று அடுத்த வரியைத் துழாவினால் ‘ஆடு’. நந்தா விளக்கு ஒன்று அணையாமல் எரிய 96 ஆடு கொடுத்திருக்கிறார் ஒருவர். சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி வருகிற ஏற்பாடு இது: ஆடுகளை இடையர் ஒருவரிடம் விடுவார்கள், அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். “ஆடு எப்படி சார் சாகாம இருக்கும்?” என்று ஒரு பையன் கேட்டான். யாரும் உடனே பதில் சொல்லவில்லை. ஆட்டுக்காரர் வீட்டுப் பையன் ஒருவன்தான், “கெடா செத்தா குட்டி இருக்குல்ல, எண்ணிக்கை குறையாது” என்றான். அன்றைக்கு வகுப்பெடுத்தது அவன்தான்.

கடைசி வரியில் பெரும்பாலும் ‘இது பன்மாகேசுவர ரட்சை’ என்று இருக்கும். இந்தத் தருமத்தைச் சிவனடியார் அனைவரும் காக்க வேண்டும் என்பது. அதைப் படித்துக்காட்டிவிட்டுத் துடைப்பத்தை மறுபடி கையில் கொடுத்தால் வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் போய்விட்டால் படிப்பு என்ன ஆவது?

ஐந்து மணி நேரம். தேர்வு மாதங்களில் வர வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிடுவோம். இதனால் மதிப்பெண் கூடும் என்று ஆசை காட்டவும் மாட்டோம். தமிழ்ப் பாடத்தில் சந்தி பிரிப்பது எளிதாகிறது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலையைப் பிள்ளைகளை வைத்து இலவசமாகச் செய்வது சரியா?

நியாயமான கேள்வி. இதைக் கேட்டவர் ஒரு தொழிற்சங்கக்காரர். நாங்கள் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

துப்புரவுப் பணியாளர் இருக்கிற கோயிலில் அவருடைய அன்றாட வேலையை நாங்கள் தொடுவதில்லை. அவர் ஒருவரால் முடியாத பின்பிரகாரம், மதிலோரம், நந்தவனம் இவற்றை அவரையே கேட்டு எடுத்துக்கொள்வோம். எந்த மூலையில் பாம்பு இருக்கும், எந்த வடிகால் எங்கே அடைக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். “நீங்கள் வாராவாரம் வருவதானால் இனி ஆள் எதற்கு” என்று ஒரு நிர்வாகம் பேச்செடுத்தது. அடுத்த வாரத்திலிருந்து அங்கே போவதை நிறுத்திவிட்டோம். ஒருவேளைப் பூசைக்கே திண்டாடுகிற, ஆளே இல்லாத சிற்றூர்க் கோயில்கள் எத்தனையோ கிடக்கின்றன. அங்கே போங்கள்.

கழிப்பறை, சாக்கடை வேலையில் பிள்ளைகளை இறக்கவே கூடாது.

கோயிலுக்குள்ளேயே நின்றுவிட்டால் ஊருக்கு என்ன பயன்?

அப்பர் கதையே கோயிலோடு நிற்கவில்லையே. அப்பூதியடிகள் குருவின் பெயரில் வைத்தவை தண்ணீர்ப் பந்தலும் சாலையும் குளமும். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பரும் சம்பந்தரும் இறைவனிடம் நாள்தோறும் படிக்காசு பெற்று அடியார்களுக்குச் சோறு போட்டார்கள் என்கிறது பெரியபுராணம். அதில் ஒரு சுவையான இடம்: சம்பந்தர் பெற்ற காசை மாற்றும்போது வட்டம் (வாசி என்கிற கழிவு) பிடித்தார்கள், அப்பர் காசு அப்படியே செல்லுபடியானது. காரணம், அப்பர் கையால் தொண்டு செய்கிறவர். பிறகு சம்பந்தர் ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று பாடித் தம் காசையும் நேராக்கிக்கொண்டார். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த கதை இது. பாட்டில் கெட்டிக்காரருக்கும் துடைப்பக்காரருக்கும் கோயில் கஜானாவில் யாருக்கு மதிப்பு என்று பெரிய வாக்குவாதமே நடக்கும்.

நாவலர் பெருமானும் அப்படித்தான். 1877இல் யாழ்ப்பாணத்தில் பஞ்சம் வந்தபோது பிரசங்கத்தோடு நிற்காமல் கஞ்சித் தொட்டித் தருமம் நடத்தினார்.

எங்கள் அளவில், கோடையில் கோயில் வாசலில் நீர்மோர்ப் பந்தல், பங்குனி சித்திரையில் குளத்து வரத்து வாய்க்காலைச் செதுக்குவது, அரசுப் பள்ளியில் மாலை நேரம் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிப்பு. நீர்மோர் கொடுக்கும்போது யார் என்ன மதம் என்று கேட்பதில்லை.

பாதுகாப்புக்கு என்ன செய்கிறீர்கள்?

பெற்றோர் இதைக் கூச்சமில்லாமல் விரிவாகக் கேட்க வேண்டும். 2022 ஏப்ரலில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர், உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள்; அதில் சிறுவர்களும் உண்டு. 2023 ஏப்ரலில் சென்னை மூவரசம்பட்டுக் குளத்தில் தீர்த்தவாரியின்போது சாமியோடு இறங்கிய இளைஞர்கள் ஐந்து பேர் மூழ்கிப் போனார்கள். இரண்டு இடத்திலும் போனவர்கள் கோயில் காரியத்துக்காக வந்தவர்கள். சாமி பார்த்துக்கொள்வார் என்ற பேச்சுக்கு எங்கள் குழுவில் இடமில்லை.

அதனால், பிள்ளைகள் குளத்துப் படியில் தண்ணீர் தொடும் படிக்கு மேலேயே நின்றுவிட வேண்டும். நீச்சல் தெரியும் என்றாலும் சரி. ஏணி, சாரம், கோபுரத் தளம் எல்லாம் பதினெட்டு வயதுக்குக் கீழே யாருக்கும் கிடையாது. புதரில் கை வைக்கும் முன் நீளக் கம்பால் தட்டிப் பார்க்க வேண்டும். பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, கட்டுப் போட்டு இறுக்குவது எதுவும் வேண்டாம். அசையாமல் வைத்து 108க்கு அழைத்து அரசு மருத்துவமனைக்கு. தேன்கூடோ குளவிக்கூடோ இருந்தால் அந்தப் பக்கமே போவதில்லை. ஈர மின்கம்பி, தற்காலிக மின்விளக்குத் தொடர் இருக்கிற திருவிழா நாட்களில் பணி வைப்பதில்லை.

படம் எடுத்துப் போடலாமா? பனியன் அடிக்கலாமா?

முன்னும் பின்னும் எடுத்த படம் ஈ.ஓ.வுக்குக் கொடுக்கத் தேவை. சிறுவர்கள் முகம் தெரிகிற படத்தைப் பெற்றோர் கேட்காமல் எங்கும் போடுவதில்லை. பனியன் வேண்டாம் என்பது என் கட்சி. முதலில் குழுப் பெயர் வரும், அடுத்து உபயதாரர் பெயர், அப்புறம் தேர்தல் நேரத்தில் வேறு பெயர்.

திருப்புகலூரில் அப்பர் புல் செதுக்கும்போது உழவாரம் பட்ட இடத்தில் பொன்னும் மணியும் வந்ததாகவும், அவர் அவற்றைப் பருக்கைக் கற்களோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்ததாகவும் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் சொல்கிறார். ‘லைக்’ எண்ணுகிற நாளில் இந்தக் கதையைச் சொல்வோம். பிள்ளைகள் சிரிப்பார்கள், படமும் போடுவார்கள்.

சான்றிதழ் கிடைக்குமா? என்.எஸ்.எஸ். கணக்கில் சேருமா?

நாங்கள் சான்றிதழ் தருவதில்லை. நாட்டு நலப்பணித் திட்டத்தில் தொண்டருக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம் என்று கணக்கு உண்டு. அது சமயச் சார்பற்ற திட்டம் என்பதால் குளம், வளாகம், தொன்மைச் சின்னம் என்ற வகையில் செய்கிற வேலையைத்தான் சேர்க்க முடியும். உங்கள் கல்லூரித் திட்ட அலுவலரை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், வேலை முடிந்த பிறகு கேட்காதீர்கள்.

செலவுக்கு என்ன வழி?

கையுறை, துடைப்பம், டெட்டால், ஓதுவார் தட்சிணை, வேன் வாடகை. பெரியவர்கள் பங்கு போட்டுக்கொள்கிறோம். பிள்ளைகளிடம் காசு வாங்குவதில்லை. உண்டியல், ரசீதுப் புத்தகம் எதுவும் கிடையாது.

இலங்கையிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் இதைச் செய்ய முடியுமா?

இலங்கையில் ஞாயிறு காலை அறநெறிப் பாடசாலைகள் ஏற்கெனவே நடக்கின்றன. பண்ணிசையும் சமய பாடமும் அங்கே உண்டு. அதோடு கோயில் வளாகத்தில் ஒரு மணி நேர வேலையைச் சேர்ப்பது கடினமல்ல. மற்ற நாடுகளில் கல்வெட்டு இருக்காது, களையும் இருக்காது. மடைப்பள்ளியில் பாத்திரம் கழுவுவதும் செருப்பு வைக்கும் இடத்தை ஒழுங்கு செய்வதும் இருக்கும். காய் நறுக்கிக்கொண்டே பதிகம் பாடலாம். ஊர்க் கோயில் கல்வெட்டுகளைத் தொல்லியல் துறைத் தொகுதிகளில் படித்து, அப்பா அம்மாவின் ஊர் அதில் எங்கே வருகிறது என்று தேடச் சொல்லுங்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அந்தச் சுவரைப் போய்ப் பார்க்க ஒரு காரணம் இருக்கும்.

பிளஸ் டூ வந்ததும் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்களே, குழு எப்படி நிலைக்கும்?

நிற்கத்தான் செய்வார்கள். வேலை, வெளியூர், கல்யாணம் என்று போய்விடுவார்கள். போகிறவர்களைப் பிடித்து வைக்க வாட்ஸ்அப்பில் அழுது பயனில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே ஒருவரைப் பாட்டுக்கு, ஒருவரைக் கருவிகளுக்கு, ஒருவரைக் கல்வெட்டு நோட்டுக்கு என்று பொறுப்பில் வைத்து, அவர் தனக்கு அடுத்தவரைப் பழக்கிவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கல்வெட்டு நோட்டு முக்கியம். எந்தக் கோயில், எந்தச் சுவர், எந்த வரிவரை படித்தோம், எங்கே சந்தேகம் என்று எழுதியிருந்தால் புதிதாக வருகிற பிள்ளை அந்த வரியிலிருந்து தொடங்கலாம். எங்களிடம் இருக்கும் நோட்டில் முதல் பக்கங்களின் கையெழுத்துக்கு உரியவர்கள் இப்போது பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். அப்பர் குருபூசை நாளான சித்திரைச் சதயத்துக்கு லீவு கிடைத்தால் வருவார்கள். வந்தால் அவர்களுக்கும் துடைப்பம்தான்.